கிராஸ் நாய்க்குட்டியோட முதல் வருஷம்: எல்லாரும் கேக்குற கேள்விகள்

எங்க குட்டியோட அம்மா லாப்ரடார், அப்பா யாருன்னு யாருக்கும் தெரியாது. அதே ஈத்துல பொறந்த இன்னொரு பொட்டைக்குட்டி அக்கா வீட்டுல வளருது. ரெண்டையும் வாரா வாரம் எடை போட்டு நோட்டுல எழுதிட்டு வந்தோம், அந்த நோட்டு கத்துக்குடுத்தது எந்த பிரீட் சார்ட்டும் கத்துக்குடுக்கல. கிராஸ் குட்டி வாங்கினவங்க, எடுத்து வளக்குறவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இங்க பதில் எழுதியிருக்கேன்.

என் குட்டி எவ்ளோ பெருசா வளரும்?

எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான். அம்மா அப்பா ரெண்டு பேரோட எடையும் தெரிஞ்சா பெரும்பாலும் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ வந்து நிக்கும், ஆனா சரியா பாதியில நிக்கும்னு நெனச்சிடாதீங்க. உடம்பு சைஸ்ல பல ஜீன் சேந்து வேலை செய்யுது, அதுல ஐஜிஎஃப்1னு ஒரு ஜீனுக்கு பெரிய பங்கு இருக்குன்னு 2007ல கண்டுபிடிச்சாங்க. கால் நீளம் தனிக் கதை. டாக்ஸ்ஹுண்ட், கோர்கி மாதிரி குட்டைக்கால் வர்றதுக்கு காரணமான ஜீன் அம்மா அப்பால ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், கால் குட்டையாயிடும். அதான் டாக்ஸ்ஹுண்ட் கிராஸ் நாய்ங்க நிறைய பேரு பெரிய நாய் தலையும் குட்டைக் காலுமா இருக்காங்க.

அம்மா அப்பா தெரியாதுன்னா எடைதான் வழி. சின்ன சைஸ் நாய்ங்க சுமாரா மூணரை மாசத்துல, வளந்து முடிச்சா வர்ற எடையில பாதிய தொட்டுடும், நடுத்தரம் 4 மாசத்துல, பெரிய சைஸ் 5 மாசத்துல. எங்க குட்டி 4 மாசத்துல 13 கிலோ, இப்ப 29 கிலோ. அக்கா வீட்டுக் குட்டி அதே 4 மாசத்துல 11 கிலோ சொச்சம், 10 மாசத்துல 22 கிலோ வந்ததும் நின்னுடுச்சு, எங்களுது 15 மாசம் வரைக்கும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. ஒரே அம்மா, ஒரே நாள் பொறந்ததுங்க, அப்பவும் 7 கிலோ வித்தியாசம் (ஒரே ஈத்துல அப்பா கூட வேற வேறயா இருக்கலாம், நாய்ங்களுக்கு அது நடக்கும்). 

குளியலறை எடை மெஷின் மேல குட்டிய தூக்கிக்கிட்டு நில்லுங்க, அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க, கழிச்சுக்கோங்க. வாரத்துல ஒரே கிழமை, சாப்பாட்டுக்கு முன்னாடி. 2017ல வால்தம் ஆராய்ச்சி நிலையம் குட்டிகளோட வளர்ச்சிக்கு சார்ட் வெளியிட்டாங்க, குழந்தைங்களுக்கு டாக்டர் வெச்சிருப்பாரே அந்த மாதிரி கோடு கோடா. அது பிரீட் பேர வெச்சு இல்லாம, வளந்தா வரப்போற எடைய வெச்சு பிரிச்சிருக்கு, அதனால கிராஸ் குட்டிக்கும் உதவும். குட்டி ஒரே கோட்டை ஒட்டியே போகுதான்னு பாருங்க. திடீர்னு ரெண்டு கோடு கீழயோ மேலயோ தாவினா டாக்டர்கிட்ட காட்டணும்.

பாதம் பெருசா இருந்தா பெரிய நாயா வருமா?

ஓரளவுக்கு உண்மை, ஆனா அத மட்டும் நம்பாதீங்க. எங்க ரெண்டு குட்டிக்கும் 2 மாசத்துல பாதம் ஒரே அளவுதான் இருந்துச்சு.

முகத்தைப் பாத்து என்ன பிரீட் கலந்திருக்குன்னு சொல்ல முடியுமா?

முடியாதுங்க. அனுபவம் உள்ளவங்களே தப்பா சொல்லுவாங்க. அமெரிக்காவுல பார் ஹார்பர்ங்கற ஊர்ல ஜாக்சன் ஆய்வகத்துல ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர்னு ரெண்டு விஞ்ஞானிங்க பல வருஷம் நாய்ங்களோடயே வேலை செஞ்சாங்க, பசென்ஜியையும் காக்கர் ஸ்பேனியலையும் கலந்து, பொறந்த குட்டிங்கள மறுபடி ஒண்ணோட ஒண்ணு கலந்து பாத்தாங்க. முதல் தலைமுறை ஓரளவு ஒரே மாதிரி இருந்துச்சு, ரெண்டாவது தலைமுறையில நிறம், காது, உடம்பு வாகு எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போயிடுச்சு, தாத்தா பாட்டி யாருன்னு பாத்துச் சொல்ல முடியாத குட்டிங்கல்லாம் வந்துச்சு. உங்க குட்டி பல தலைமுறை கலப்பா இருந்தா இன்னும் கஷ்டம். டிஎன்ஏ டெஸ்ட் ஒண்ணுதான் ஓரளவு பதில் சொல்லும், அதுவும் கம்பெனிக்கு கம்பெனி சதவீதம் கொஞ்சம் மாறும்.

குணத்தையும் பிரீட் வெச்சு முன்னாடியே முடிவு கட்டாதீங்க. 2022ல 18,000க்கும் மேல நாய்ங்களோட விவரத்த வெச்சு வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில, தனித்தனி நாய்ங்களுக்கு நடுவுல இருக்கிற குண வித்தியாசத்துல பிரீடால விளக்க முடிஞ்சது சுமாரா 9 சதவீதம்தான். "இது ஷெப்பர்ட் கிராஸ், அதான் கடிக்குது"ன்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

முடி எப்படி வரும்? கொட்டாத குட்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க

முடியோட நீளம், சுருள், மீசை புருவம் இந்த மூணையும் மூணே ஜீன்தான் பெருமளவு முடிவு பண்ணுதுன்னு 2009ல கண்டுபிடிச்சாங்க. நீள முடி வரணும்னா அம்மாகிட்ட இருந்து ஒண்ணு அப்பாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதியும் வரணும். அதனால குட்டை முடி அம்மாவுக்கும் நீள முடி அப்பாவுக்கும் பொறந்ததுங்க எல்லாமே குட்டை முடியா வரலாம், அதே நேரம் ரெண்டு குட்டை முடி நாய்க்கு பொசுபொசுன்னு நீள முடியோட ஒரு குட்டியும் பொறக்கலாம், யாரும் ஏமாத்தல, உள்ள மறைஞ்சிருந்தது வெளிய வந்திருக்கு அவ்ளோதான்.

கொட்டாத முடிங்கறது வேற விஷயம். 1980கள் கடைசியில ஆஸ்திரேலியாவுல வாலி கான்ரன்னு ஒருத்தர், நாய் முடி அலர்ஜி இருக்கிற குடும்பத்துல இருந்த பார்வையில்லாத ஒரு அம்மாவுக்கு வழிகாட்டி நாய் வேணும்னு லாப்ரடாரையும் ஸ்டாண்டர்ட் பூடுலையும் கலந்தார். பொறந்தது 3 குட்டி, அதுல ஒண்ணுதான் அலர்ஜி தராம பொருந்துச்சு. அப்புறம் அந்தக் கலப்ப ஆளாளுக்கு வியாபாரமா பண்ண ஆரம்பிச்சதப் பாத்து அவரே வருத்தப்பட்டு பேசினார். எனவே 2 மாசக் குட்டிய காட்டி "இதுக்கு முடி கொட்டாது"ன்னு யாரு உறுதி குடுத்தாலும் நம்பாதீங்க. குட்டி முடி 4 மாசத்துல இருந்து 6 மாசத்துக்குள்ள உதிர ஆரம்பிக்கும், பெரிய நாய் முடி முழுசா தெரிய ஒரு வருஷம் கூட ஆகும். நிறமும் மாறும், கறுப்பா இருந்தது பழுப்பாகும், வெள்ளையில புள்ளி வரும்.

எத்தனை வாரத்துல வீட்டுக்கு கொண்டு வரலாம்?

8 வாரம். அதுக்கு முன்னாடி வேண்டாம், குட்டி கண்ணு திறந்து ஓடியாடினாலும் வேண்டாம். முதல் ரெண்டு வாரம் குட்டிக்கு கண்ணும் தெரியாது காதும் கேக்காது, தன் உடம்பு சூட்டைக் கூட தானா காப்பாத்திக்க முடியாது, அம்மா நக்கி விட்டாத்தான் ஒண்ணுக்கே போகும். 10 முதல் 14 நாளுக்குள்ள கண்ணு திறக்கும், அடுத்து காது. 3 வாரத்துல பால் பல் முளைக்கும், கூடப்பொறந்ததுங்களோட சண்டை போடும். அந்தச் சண்டையிலதான் எவ்ளோ அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு அது கத்துக்குது, பலமா கடிச்சா மத்தது கத்திட்டு விளையாட்ட நிறுத்திடும். 5 வாரத்துலயே பிரிச்சு எடுத்துட்டு வந்த குட்டிங்க கடிச்சுக் கடிச்சு வீட்டுல எல்லாரையும் அழ வைக்கிறத நான் பாத்திருக்கேன், தப்பு குட்டி மேல இல்ல.

தடுப்பூசி முடியுற வரைக்கும் வெளிய கொண்டு போகக் கூடாதாமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுதணும்னு நெனக்கிறேன். 3 வாரத்துல இருந்து சுமாரா 12, 14 வாரம் வரைக்கும் குட்டியோட மனசு திறந்து கிடக்கும், அப்ப பாத்தது கேட்டது எல்லாம் வாழ்க்கை முழுக்க "இது சாதாரணம்"னு பதிஞ்சிடும். அதுக்கப்புறம் புதுசா வர்றது எல்லாத்தையும் சந்தேகத்தோட பாக்க ஆரம்பிக்கும். தடுப்பூசி வரிசை முடியறதோ 16 வாரத்துல. அதுவரைக்கும் குட்டிய நாலு சுவத்துக்குள்ள வெச்சிருந்தா, பார்வோங்கற வைரஸ் நோய் வராம காப்பாத்திடுவோம், ஆனா ஹெல்மெட் போட்டவங்கள, குடை பிடிச்சவங்கள, குழந்தைங்கள, மிக்சி சத்தத்த எல்லாம் பாத்து நடுங்குற நாயா ஆக்கிடுவோம்.

பார்வோ நிஜமாவே கொல்லுற நோய், அதுவும் மண்ணுல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், அதனால கவனம் வேணும்தான். வழி என்னன்னா, தூக்கிட்டு போங்க. தரையில விடாம, மடியில, பையில, கார் சீட்டுல வெச்சு உலகத்தக் காட்டுங்க. முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், தடுப்பூசி போட்ட ஆரோக்கியமான பெரிய நாய் இருக்கிற தெரிஞ்சவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போகலாம். நிறைய நாய் வந்து போற பூங்கா, தெருமுனை இதெல்லாம் மட்டும் தள்ளி வைங்க. அப்புறம் பயப்படுற குட்டிய இழுத்துட்டு போய் பக்கத்துல நிறுத்தாதீங்க, தூரமா நின்னு பாக்கட்டும், அதுவா ரெண்டடி முன்னாடி வெச்சா ஏதாவது திங்கக் குடுங்க.

ஊசியும் பூச்சி மருந்தும் எப்பப்ப?

6 முதல் 8 வாரத்துல முதல் ஊசி, அப்புறம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒண்ணு, கடைசி ஊசி 16 வாரம் முடிஞ்ச பிறகு விழணும். "ஏன் இத்தனை தடவை"ன்னு கேக்குறவங்களுக்கு: அம்மாகிட்ட இருந்து வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல இருக்கிற வரைக்கும் ஊசி மருந்த அதுவே அழிச்சிடும். அது என்னிக்கு தீருதுன்னு குட்டிக்கு குட்டி மாறும், அதான் விட்டு விட்டு போடுறாங்க. ரேபிஸ் ஊசி பொதுவா 12 வாரத்துக்கு மேல. குடற்புழு அம்மா வயித்துல இருக்கும்போதே குட்டிக்கு வந்துடும், பால்லயும் வரும், அதனால 2 வாரத்துலயே மருந்து ஆரம்பிக்கணும், 2 வாரத்துக்கு ஒருதடவை 8 வாரம் தாண்டுற வரைக்கும், அப்புறம் 6 மாசம் வரைக்கும் மாசாமாசம்.

என்ன சாப்பாடு, எத்தனை வேளை? கால்சியம் டானிக் குடுக்கலாமா?

4 மாசம் வரைக்கும் 4 வேளை, 6 மாசம் வரைக்கும் 3 வேளை, அப்புறம் 2 வேளை. குட்டிகளுக்கான முழுச் சத்து உணவு எதுவா இருந்தாலும் சரி. வளந்தா 30 கிலோ தாண்டும்னு தோணினா பெரிய சைஸ் குட்டிகளுக்குன்னு இருக்கிறத வாங்குங்க, கிராஸ் குட்டிதானேன்னு விட்டுடாதீங்க.

கால்சியம் விஷயத்துல நான் தப்பு பண்ணியிருக்கேன். எங்க குட்டிக்கு 3 மாசத்துல முன்னங்கால் லேசா வளைஞ்ச மாதிரி தெரிஞ்சுது, தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னாருன்னு டானிக் வாங்கி ரெண்டு வாரம் ஊத்தினேன். டாக்டர் கேட்டதும் அன்னிக்கே நிறுத்தச் சொல்லிட்டாரு. சின்னக் குட்டியோட குடலுக்கு "போதும்"னு கதவ மூடத் தெரியாது, சுமாரா 6 மாசம் வரைக்கும் குடுக்கிற கால்சியத்துல பெரும்பகுதி உள்ள போய்க்கிட்டே இருக்கும், அது அதிகமானா எலும்பு வளர்ச்சியே கோணலாயிடும், பெரிய சைஸ் குட்டிங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். நல்லது பண்றோம்னு நெனச்சு பண்ணினது, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டுதான் இருக்கு.

இதுக்கு நேர் எதிர் தப்பும் உண்டு, வெறும் கறி மட்டும் போட்டு வளக்குறது. கறியில பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் கம்மி, ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு எலும்புல இருந்து எடுத்துக்கும், சோஃபால இருந்து குதிச்சதுக்கே கால் ஒடிஞ்ச குட்டிங்க இருக்கு. வீட்டுச் சாப்பாடுதான் போடுவோம்னா தாராளமா போடுங்க, ஆனா அளவ கால்நடை டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், சர்க்கரைக்கு பதிலா சைலிட்டால் போட்ட சூயிங்கம் இதெல்லாம் விஷம், ஒரு துண்டு தானேன்னு குடுக்காதீங்க.

குண்டா ஒல்லியான்னு தெரிய, கைய நீட்டி மேல்பக்கம் விரல் எலும்புகள தடவிப் பாருங்க, குட்டியோட விலா அந்த மாதிரி இருந்தா சரி. முஷ்டி மூட்டு மாதிரி முட்டிக்கிட்டு இருந்தா ஒல்லி, உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா எடை ஜாஸ்தி. கொழுகொழுன்னு இருக்கிறது பாக்க அழகுதான், ஆனா வளர்ற மூட்டுக்கு அது பாரம்.

பல் விழுந்து கிடக்கு, எல்லாத்தையும் கடிக்குது

விழட்டும். 28 பால் பல்லும் மூணரை, நாலு மாசத்துல இருந்து விழ ஆரம்பிச்சு 7 மாசத்துக்குள்ள 42 பெரிய பல் வந்துடும். பாதி பல்ல முழுங்கிடும், ஒண்ணும் ஆகாது. ஈறு அரிக்கும், அதான் செருப்பு. கடிக்கக் குடுக்கிற பொருள்ல உங்க கட்டைவிரல் நகத்த அழுத்துங்க, பள்ளம் விழலன்னா அது பல்ல உடைக்கிற அளவுக்கு கெட்டி, குடுக்காதீங்க. சின்ன சைஸ் கிராஸ் குட்டிங்களுக்கு ஒண்ணு கவனிக்கணும்: 6, 7 மாசத்துலயும் பால் கோரைப்பல் விழாம புதுசு பக்கத்துலயே முளைச்சு நின்னா, எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

காது ஒண்ணு நிக்குது ஒண்ணு தொங்குது

பல் மாறுற சமயத்துல காது ஏறும் இறங்கும். கிராஸ் குட்டிக்கு கடைசி வரைக்கும் ஒண்ணு அப்படி ஒண்ணு இப்படி இருக்கவும் வாய்ப்பு உண்டு. டேப் ஒட்டி நிமித்தாதீங்க.

எவ்ளோ தூரம் நடக்க வைக்கலாம்?

மாசத்துக்கு 5 நிமிஷம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது யாரோ சொல்லிப் பரவினது, ஆராய்ச்சியில வந்தது இல்ல. நார்வேல 4 வகை பெரிய பிரீடோட குட்டிங்கள பொறந்ததுல இருந்து கவனிச்சு 2012ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. 3 மாசம் வரைக்கும் தினமும் படி ஏறி இறங்கின குட்டிங்களுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சனை அதிகமா வந்துச்சு, மிருதுவான மேடுபள்ளமான தரையில கட்டில்லாம ஓடினதுங்களுக்கு குறைவா வந்துச்சு. அதனால 3 மாசம் வரைக்கும் மாடிப்படியில தூக்கிட்டு போங்க, வழுக்குற தரையில பாய் விரிங்க, புல்லு மண்ணுல அது இஷ்டத்துக்கு ஓடட்டும். சைக்கிள் பின்னாடி ஓட விடுறது, உயரத்துல இருந்து குதிக்க வைக்கிறது எல்லாம் எலும்பு நுனியில இருக்கிற வளர்ச்சித் தட்டு மூடின பிறகுதான், பெரிய சைஸுக்கு அது ஒன்றரை வயசு கூட ஆகும். தூக்கம் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரைக்கும் வேணும், சாயந்திரம் பேய் பிடிச்ச மாதிரி ஓடிக் கடிக்கிற குட்டிக்கு பெரும்பாலும் தேவைப்படுறது தூக்கம்தான்.

கிராஸ் நாய்க்கு நோயே வராதாமே?

பாதி உண்மை. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் கெட்ட பிரதி வந்தாத்தான் வர்ற நோய்கள் கிராஸ்ல குறைவு. 2018ல 1 லட்சம் நாய்ங்கள டெஸ்ட் பண்ணினப்ப, அந்த மாதிரி நோய் வர்ற நிலையில இருந்தது கலப்பு நாய்ங்கள்ல 100க்கு 2, தனி பிரீட்ல 100க்கு 5. ஆனா கலிபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல 24 நோய்கள எடுத்துப் பாத்தப்ப, 10 நோய் தனி பிரீட்ல அதிகம், 13 நோய்ல வித்தியாசமே இல்ல, முழங்கால் தசைநார் கிழியறது கலப்பு நாய்லதான் அதிகம். இடுப்பு மூட்டுக் கோளாறு அந்த 13ல ஒண்ணு. அம்மா அப்பா ரெண்டுமே இடுப்பு கெட்ட பிரீடா இருந்தா கலந்ததால மட்டும் குட்டி தப்பிக்காது.

கோலி கலப்பு இருக்கலாம்னு சொல்றாங்க, மருந்து குடுக்க பயமா இருக்கு

பயப்படுறது நியாயம்தான். கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் வம்சத்துல எம்டிஆர்1னு ஒரு ஜீன் கோளாறு பரவலா இருக்கு, 2001ல கண்டுபிடிச்சது. அது இருந்தா சில மருந்து மூளைக்குள்ள போயிடும். புழு பூச்சிக்கு குடுக்கிற ஐவர்மெக்டின் அதிக டோஸ்ல ஒண்ணு, மனுஷங்க வயித்துப்போக்குக்கு போடுற லோபெரமைட் இன்னொண்ணு. குட்டிக்கு பேதின்னா வீட்டுல இருக்கிற மாத்திரைய எடுத்து ஒருநாளும் குடுக்காதீங்க. கன்னத்துக்கு உள்ள பஞ்சுக்குச்சி வெச்சு எடுக்கிற டெஸ்ட் இருக்கு, ஒரே ஒருதடவை பண்ணினா போதும்.

ஒண்ணுக்கு எப்ப கட்டுப்படும்?

4 முதல் 6 மாசம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் உடனே வெளிய. அடிக்காதீங்க, மூக்கை அதுல தேய்க்காதீங்க, அது உங்களுக்குத் தெரியாம ஒளிஞ்சு போகத்தான் கத்துக்கும்.

8 மாசம் ஆச்சு, கத்துக்குடுத்தது எல்லாம் மறந்துடுச்சு

மறக்கல. 2020ல நியூகாசில் பல்கலைக்கழகத்துல லூசி ஆஷர் குழு லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், அதுங்களோட கிராஸ்னு வழிகாட்டி நாய்க் குட்டிங்கள கவனிச்சாங்க. 5 மாசத்துல "உக்காரு"ன்னா உக்காந்ததுங்க 8 மாசத்துல வளக்குறவங்க சொன்னா கேக்கல, அறிமுகம் இல்லாதவங்க சொன்னா கேட்டுச்சு! நம்ம வீட்டு பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க மாதிரியேதான். ஒரு வயசுல பெரும்பாலும் சரியாயிடுச்சு. இந்த வயசுலதான் நிறைய கிராஸ் நாய்ங்கள "அடங்கல"ன்னு கொண்டு போய் விட்டுடுறாங்க, அத நெனச்சா எனக்கு தாங்கல. இன்னும் நாலு மாசம் பொறுத்துக்கோங்க, தயவு செஞ்சு. லீஷ நீளமா மாத்துங்க, பழைய பாடத்த சின்னச் சின்னதா திரும்ப ஆரம்பிங்க. திடீர்னு குப்பைத்தொட்டியப் பாத்து பயப்படும், அதுவும் இந்த வயசுதான், இழுக்காம சுத்திப் போங்க.

கருத்தடை ஆபரேஷன் எப்ப?

பொட்டைக்குட்டி 6 மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள முதல் ஹீட்டுக்கு (இணை சேர்ற பருவத்துக்கு) வரும், பெரிய சைஸ் இன்னும் தள்ளிப் போகலாம், மொத்தம் 3 வாரம் ஓடும், அத்தனை நாளும் கண்ணு வெச்சிருக்கணும். கடுவன் குட்டிக்கு 6 மாசத்துலயும் ரெண்டு விதையும் கீழ இறங்கலன்னா டாக்டர் பாக்கணும். நேரத்தைப் பொறுத்தவரைக்கும், 2020ல டேவிஸ்ல ஹார்ட் தம்பதி கலப்பு நாய்ங்கள எடை வாரியா பிரிச்சுப் பாத்தாங்க, வளந்து 20 கிலோவும் அதுக்கு மேலயும் வர்றதுங்களுக்கு ஒரு வயசுக்கு முன்னாடி பண்ணினா மூட்டுப் பிரச்சனை கூடுது, 20க்கு கீழ இருக்கிறதுக்கு அப்படி கூடல. எங்களுக்கு இதுல முடிவெடுக்க அந்த எடை நோட்டுதான் கை குடுத்துச்சு, அக்கா வீட்டுது எல்லைக்கோட்டுல இருந்ததால டாக்டர்கிட்ட பேசி ஒரு வயசு தாண்டி பண்ணினாங்க. தெரியாத்தனமா குட்டி போட்டுடும்ங்கற சூழ்நிலை இருந்தா அதையும் சேத்து டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஒரு வயசு ஆயிடுச்சு, இனிமே பெரிய நாய்தானா?

சின்ன சைஸுக்கு 8, 10 மாசத்துலயே வளர்ச்சி முடிஞ்சிருக்கும், நடுத்தரம் ஒரு வயசுல, பெருசு 15, 18 மாசம், ராட்சச சைஸ் 2 வயசு வரைக்கும். உங்க நோட்டுல எடை மாசக்கணக்கா ஒரே இடத்துல நின்னா, குட்டி உணவ ஒரு வாரம், பத்து நாள் எடுத்து மெல்ல மெல்ல பெரிய நாய் உணவுக்கு மாத்துங்க. இன்னும் ஏறிக்கிட்டு இருந்தா குட்டி உணவுலயே விடுங்க. 6 மாசத்துலயோ ஒரு வயசுலயோ விழ வேண்டிய பூஸ்டர் ஊசி விழுந்துடுச்சான்னு கார்ட எடுத்துப் பாருங்க, நிறைய பேரு அத மறந்துடுறாங்க.